கும்பிட்ட மகன்

நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் செபம் சொல்வது என் பொறுப்பு. வேலை ஒப்பந்தத்தில் அப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நோர்வேயின் மேற்குக் கரையில், மழை விட்டால் ஆச்சரியப்படுகிற ஒரு சின்னப் பட்டினம் இது. இங்கே இங்கெபோர்க் என்று தொண்ணூறைத் தாண்டிய ஓர் அம்மையார் இருக்கிறார். ‘ஃபாடர் வோர்’ என்று தொடங்கும் அவர்களுடைய செபத்தை யாராவது பக்கத்தில் நின்று சொன்னால்தான் அவர் கரண்டியைத் தொடுவார். கூட வேலை செய்கிற இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அது பாடமில்லை. பாடமாக்கியவன் நான், திருநீறும் பூசாத, சிலுவையும் போடாத, கடவுளே இல்லை என்று சொல்லித் திரிகிற, யாழ்ப்பாணத்து வேலணைத் தீவில் பிறந்தவன். ஒருநாள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ எந்த மிஷனில் படித்த பிள்ளை என்று கேட்டார். மிஷனும் இல்லை, ஒன்றுமில்லை, நான் எதையும் நம்புகிறவனல்ல என்று ஆறுதலாக விளங்கப்படுத்தினேன். உண்மையான விசுவாசிகள் எல்லாரும் அப்படித்தான் தாழ்மையாகப் பேசுவார்கள் என்று சொல்லிவிட்டுப் பாண் துண்டைக் கடித்தார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மரீத் என்ற சக பணியாளர் என்னைப் பார்த்து, நீ இந்துவா என்று கேட்டார். இல்லை, எனக்குச் சமயமில்லை என்றேன். "எனக்கும்தான். கோப்பிக்குப் பால் விடுவாயா?" என்றார். அவ்வளவுதான் கதை. அந்த ‘இல்லை’ என்ற சொல் எங்கள் வீட்டில் ஒருநாளும் கண்ணீர் இல்லாமல் கடந்து போனதில்லை. இங்கே அது பாலுக்கு முன்னமே கடந்து போய்விட்டது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஊரில் கடவுள் இல்லை என்று சொல்கிறவனிடம் முதலில் காரணம் கேட்பார்கள். காதல் தோல்வியா, கண்ட கண்ட புத்தகம் படித்தானா, யாரும் செய்வினை செய்துவிட்டார்களா? எனக்குச் சொல்வதற்கு ஒரு கதையும் இல்லை. நம்பிக்கை வரவில்லை, அவ்வளவுதான். அதை எத்தனை பேருக்கு விளக்குவது? அதனால் குறுக்கு வழி ஒன்று கண்டுபிடித்தேன். மச்சம், அதாவது மீனோ இறைச்சியோ, தின்ற நாளில் கோயிற்படி மிதிக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். யாராவது கோயிலுக்குக் கூப்பிட்டால், "மச்சம் திண்டிட்டன் அண்ணை" என்றால் போதும், மறுபேச்சில்லை. திருவிழாக் காலத்தில் வீட்டில் மச்சம் சமைக்க மாட்டார்கள். அந்த நாட்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர்காவற்றுறையில் என்னோடு படித்த கத்தோலிக்க நண்பன் வீட்டுக்குப் போய் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு வருவேன். அவனுடைய தாய் மீன் துண்டைச் சோற்றுக் கோப்பையில் போட்டுக்கொண்டே, "நாளைக்கு ஞாயிறு, பூசைக்கு வாறீரோ தம்பி?" என்று கேட்பார். ஓடித் தப்ப ஒரு தீவு போதாது.

அம்மாவிடம் மட்டும் மச்சக் கதை சொல்ல மனம் வரவில்லை. பத்தொன்பது வயதில் ஒருநாள் குசினிக்குள் போய், எனக்கு இந்தக் கடவுள் நம்பிக்கை ஒன்றும் இல்லை அம்மா, இனிக் கூப்பிடாதையுங்கோ என்று நேரே சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "அப்ப உன்னை ஆர் பாப்பினம்?" என்று கேட்டார்.

நோர்வேக்கு வந்த பிறகு முப்பது வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் தொலைபேசியில் அந்தச் சண்டை நடந்தது. "கும்பிட்டனியோ?" என்று தொடங்குவார். "இல்லையம்மா" என்பேன். பிறகு அரை மணித்தியாலம் வாய்த்தர்க்கம். ஒரு மாரியில் நான் பனியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டேன்.

"கும்பிடாமல் திரிஞ்சால் இப்பிடித்தான்."

"கால் முறிஞ்சது பனியாலை அம்மா."

"பனி ஆராலை?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். மற்ற வீடுகளில் தாயும் பிள்ளையும் என்ன கதைப்பார்களோ தெரியாது. எங்களுக்குக் கடவுள்தான் கதை. இந்த உலகத்தில் என்னை முழுதாகத் தெரிந்த ஒரே ஆள் அம்மாதான் என்று நான் நினைத்திருந்தேன், ஏனென்றால் அவருக்கு மட்டும் நான் பொய் சொன்னதில்லை.

போன வருடம் அவருக்கு நெஞ்சுவலி வந்து யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். வேலணையில் அவரைப் பார்த்துக்கொள்ளுகிற என் தங்கை வதனி போனை அவருடைய காதில் பிடித்தாள். மூச்சு இழுக்கும் சத்தம்தான் முதலில் கேட்டது. பிறகு, "கும்பிட்டனியோ?" என்றார். அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு எப்படி இல்லை என்பது? "ஓம் அம்மா, கும்பிட்டனான்" என்றேன். அம்மா அழுகிறா, ஆனால் முகம் நல்லாயிருக்கு என்று வதனி சொன்னாள். போனை வைத்துவிட்டு, இவ்வளவு லேசான காரியத்தை முப்பது வருடமாகச் செய்யாமல் விட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அம்மா தேறி வீட்டுக்கு வந்த பிறகு வதனி எனக்குப் போன் எடுத்தாள். "அண்ணை, என்ன வேலை செய்துபோட்டியள்?" என்றாள். நான் குசினிக்குள் வைத்து அந்தச் சொல்லைச் சொன்ன நாளிலேயே அம்மா நயினாதீவுக் கோயிலில் இருக்கிற அம்மாளுக்கு நேர்த்தி வைத்திருக்கிறார். என் பிள்ளை திரும்பக் கும்பிடுகிற காலத்தில் உன் வீதியில் அடியழிப்பேன் என்று. அடியழிப்பதென்றால் விழுந்து கும்பிட வேண்டும், கை எட்டிய இடத்துக்கு நடந்து மறுபடி விழ வேண்டும், அப்படியே கோயில் வீதி முழுவதும். டொக்டர் படி ஏறவும் விடாத நெஞ்சு அது. "சொன்னால் கேக்கிறாவில்லை. அம்மாள் தன்ரை சொல்லைக் காப்பாத்தீட்டா, இனி நான் காப்பாத்தவேணும் எண்டு நிக்கிறா" என்று வதனி அழுதாள். அட மடையா, நேர்த்தி இல்லாத தாய் எங்கள் தீவில் எங்கே இருக்கிறாள்? கேட்டது கிடைத்தால் கொடுக்க வேண்டும் என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். வெளிநாட்டில் முப்பது வருடம் இருந்த மூளைக்கு அது நினைவில் வரவில்லை.

விமானம் எடுத்துப் போனேன். வழியெல்லாம், உண்மையைச் சொன்னால் நேர்த்தி இல்லை, நேர்த்தி இல்லையென்றால் அம்மா பிழைப்பார் என்று ஒரே கணக்கு. மரீத்தும் அதைத்தான் சொல்லி அனுப்பியிருந்தார், உண்மையைச் சொல், தாய் உன்னை மதிப்பார் என்று. வேலணையில் அம்மா கதிரையில் இருந்தார். அரைவாசி ஆளாகிவிட்டார். நான் காலடியில் நிலத்தில் இருந்தேன்.

"அம்மா, நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். நான் கும்பிடேல்லை."

அவர் சிரித்தார். "இப்பதான் பொய் சொல்லுறாய். நான் வெயிலுக்கை விழுந்து செத்துப்போவன் எண்டு பயப்பிடுறாய்."

"இல்லையம்மா, சத்தியமாய்."

"ஆரிலை சத்தியம்?"

சத்தியம் பண்ண ஆள் வைத்திராதவன் உண்மையை எப்படி நிரூபிப்பது? அன்று முழுக்க மன்றாடினேன், கத்தினேன், சாப்பிடாமலும் இருந்து பார்த்தேன். நான் எவ்வளவு மறுத்தேனோ அவ்வளவுக்கு அவர் நம்பினார். கடைசியில் வதனி கோயில் ஐயரிடம் கேட்டுக்கொண்டு வந்தாள். தாய்க்கு ஏலாவிட்டால் மகன் வீதியில் உருண்டு பிரதட்டை செய்யலாம், நேர்த்தி தீர்ந்துவிடும் என்றாராம். அம்மா என்னைப் பார்த்தார். "நீ உருளுவியெண்டால் எனக்குச் சம்மதம்" என்றார். நான் உருளாவிட்டால் அவர் விழுவார். எனக்கு வேறு வழி இருந்ததாக இப்போதும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை குறிகட்டுவான் துறையில் லோஞ்ச் படகில் ஏறினோம். மாரித் தண்ணீர் ஆடினாலும் அம்மா தாலாட்டில் இருப்பவர் மாதிரி அமைதியாக வந்தார். கோயிலில் குளித்து, ஈர வேட்டியோடு, கைகளைத் தலைக்கு மேலே கூப்பி மண்ணில் படுத்தேன். வதனியின் புருஷன் என்னைப் பிடித்து நேராக உருட்டிவிட்டார். வானம், மண், வானம், மண். முதல் மூலையிலேயே தலை சுற்றி வாந்தி வந்தது. மடத்து நிழலில் அம்மா இருப்பது ஒவ்வொரு உருளலிலும் ஒரு கணம் தெரிந்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்தார்கள். "இவ்வளவு காலத்துக்குப் பிறகு அம்மாள் கூப்பிட்டிட்டா" என்று யாரோ ஒரு பெண் சொன்னது கேட்டது. நான் அழுதது பக்தியால் இல்லை. இனி நான் யாரென்று அம்மாவுக்குச் சாகும்வரை தெரியப்போவதில்லை என்பதற்காக அழுதேன். முடித்து எழும்ப, அம்மா வந்து தன் விரலால் என் நெற்றியில் திருநீறு பூசினார். அது எனக்குச் சுகமாக இருந்தது, அதையும் மறைக்கக்கூடாது.

திரும்பி வரும்போது இறங்குதுறையில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "இனி எனக்குப் பயமில்லை. நான் போனாலும் உன்னைப் பாக்க ஆள் இருக்கு" என்றார்.

வாசிக்கிற நீங்கள் சொல்வீர்கள், தாயின் உயிருக்காக ஒரு பொய், இதற்குப் போய் இந்தப் புலம்பலா என்று. மரீத்தும் அதைத்தான் கேட்டார், அவர் சந்தோஷமாக இருக்கிறார்தானே, பிறகென்ன? பிறகென்னவென்றால், வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்குக் கதை இல்லை. கும்பிட்டனியோ என்று அவர் கேட்பதில்லை. சாப்பிட்டியோ, குளிரோ, சரி வைக்கட்டே. இரண்டு நிமிடம். நானே சண்டைக்கு இழுத்துப் பார்த்தேன், கோயில்களைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "பகிடி விடாதை" என்று சிரித்துவிட்டார். இந்த நாட்டில் என் ‘இல்லை’யை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்தி அழுத ஒரே ஆளையும் நானே ஆறுதற்படுத்தி அனுப்பிவிட்டேன்.

போன வெள்ளி வீடியோவில் அம்மாவை அழைத்தேன். அம்மாவால் போனைப் பிடிக்க ஏலாது. வதனி அதைச் சாமியறைத் தட்டின் ஓரத்தில் சாத்திவைத்துவிட்டுப் போய்விட்டாள். அம்மாளின் படத்துக்கும் பிள்ளையார் படத்துக்கும் நடுவில் புதிதாக ஒரு படம் கண்ணாடி போட்டு இருந்தது. உடம்பெல்லாம் மண், நெற்றியில் திருநீறு, தலைக்கு மேல் கூப்பிய கை. நான் உருண்டு முடித்த பிறகு மச்சான் எடுத்த படம். அம்மா எனக்குப் பக்கத்தோற்றமாகத்தான் தெரிந்தார். "தம்பி, கவனமாய் இரு. குளிருக்கை திரியாதை" என்று அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அம்மா, இஞ்சை திரும்புங்கோ. நான் இஞ்சை இருக்கிறன்."

அவர் திரும்பவில்லை. "உன்னைத்தானே பாத்துக்கொண்டிருக்கிறன்" என்று சொல்லி, சேலைத் தலைப்பால் அந்தக் கண்ணாடியைத் துடைத்தார்.