அம்மாவுக்குக் கோபமா?

போன வருடம் ஆடி அமாவாசைக்கு முந்தின வாரம் நடந்தது இது. பினாங்கில், லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒரு பழைய கடைவீட்டின் மாடி. இறந்தவர்களை வரவழைத்துப் பேச வைக்கும் சீன அம்மாள் ஒருவர் அங்கே இருந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் முருகனுக்கு விளக்கேற்றுகிற நான், கைப்பையில் ஒரு கைப்பிடி அரிசியோடு அவர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அழைத்துப் போனவள் என்னோடு ஆபீஸில் வேலை செய்யும் சீனத் தோழி. அரிசி புதிதாக வாங்கியதாக இருக்கக் கூடாது, வீட்டில் சமைக்கும் அரிசிதான் வேண்டும் என்று சொல்லியிருந்தாள்.

எனக்குக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி நாள், "போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க" என்று என்னையும் அண்ணனையும் அவர்தான் விரட்டினார். கீழே போய் மீ கோரெங் சாப்பிட்டுவிட்டு வந்தோம். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து விட்டிருந்தார்கள். பிள்ளைகள் இருவர் இருந்தும் பக்கத்தில் ஒருவரும் இல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். எங்கள் மேல் கோபத்தோடு போனாரா? ஒரு வருடமாக அந்தக் கேள்வி என்னை அரித்துக்கொண்டிருந்தது. முருகனிடமும் கேட்டுப் பார்த்தேன். அவர் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே நின்றார்.

சீன அம்மாள் அரிசியைத் தட்டில் கொட்டி, கண்ணை மூடி, பெரிதாக ஒரு கொட்டாவி விட்டு, குரல் மாறி ஹொக்கியன் சீனத்தில் பேசினார். தோழி அதை மலாயில் சொன்னாள். கோபம் இல்லையாம். நேரத்துக்குச் சாப்பிடச் சொல்கிறாராம். நான் தேம்பித் தேம்பி அழுதுவிட்டேன். கிளம்பும்போது அந்த அம்மாள் அரிசியை என்னிடமே திருப்பிக் கொடுத்து, சமைத்துவிடச் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போதே சந்தேகம் வந்துவிட்டது. அம்மாவுக்கு ஹொக்கியனில் மீன் விலை பேச மட்டும்தான் தெரியும். அதைவிட, முருகனுக்குத் துரோகம் செய்துவிட்டேனோ என்ற பயம். அன்று விளக்கேற்றக் கை வரவில்லை.

அண்ணனிடம் சொன்னேன். அவர் செபராங் ஜெயாவில் இருக்கிறார், கோயில் கமிட்டிக்காரர். என்னை முழுதாகச் சொல்லவே விடவில்லை.

"உனக்கு மூளை கீளை இருக்கா? முறையா காரியம் செஞ்சி, கடல்ல கரைச்சி அனுப்பியாச்சி. இன்னும் என்னாத்துக்கு அம்மாவ இழுக்குற? சாமி கும்பிடுற வீட்டுல இதெல்லாம் வேணாம்லா!"

அமாவாசையன்று அண்ணன் வீட்டில் நான்தான் சமைத்தேன். அந்த அரிசியைத் தூக்கிப் போட மனம் வரவில்லை, படையலில் சேர்க்கவும் பயம். கடைசியில் வருவது வரட்டும் என்று உலையில் போட்டுவிட்டேன்.

படைத்து முடித்ததும் அண்ணன் பின்பக்க மதில்மேல் இலையில் சோற்றை வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டார். பின்வீட்டுக் கூரையில் இருந்த காக்கை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூப்பிடக் கூப்பிட அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. நான் பின்னால் நிற்பது அவருக்குத் தெரியாது.

"வாம்மா... எங்க மேல கோவமா? நீதானம்மா சாப்பிடப் போகச் சொன்ன..."

நான் மாடிப்படி ஏறிப் போய்க் கேட்டதைத்தான் அவர் மதிலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தச் சீன அம்மா திருப்பிக் குடுத்த அரிசியும் இந்தச் சோத்துல இருக்கு" என்றேன்.

திட்டுவார் என்றுதான் நினைத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தம்மா என்னா சொன்னாங்க?" என்று கேட்டார்.

"கோவம் இல்லையாம். நேரத்துக்குச் சாப்பிடணுமாம்."

அண்ணன் மதில்மேல் இருந்த இலையைச் சரியாக நகர்த்தி வைத்தார். பிறகு, "சரி வா, சாப்பிடுவோம்" என்று உள்ளே போனார். காக்கை இறங்கி வந்து கொத்தியதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

அன்று பேசியது அம்மாதானா என்று இன்றும் எனக்குத் தெரியாது, மறுபடி அங்கே நான் போகவும் இல்லை. ஆனால் விளக்கேற்றும்போது இப்போதெல்லாம் முருகன் முகத்தை நேராகப் பார்க்க முடிகிறது. தாயைத் தேடும் பிள்ளைகள் எந்த வாசலில் நின்று கூப்பிட்டாலும், அது அவருக்குப் புரியாமலா போகும்?