நடக்கட்டாம், அவ்வளவுதான்

கெண்டைக்கால் முதலில் பிடித்தது மெல்பேர்ண் பிளிண்டர்ஸ் வீதியில், ரயில் நிலையத்தின் மஞ்சள் கட்டடத்துக்கு எதிரே. பாதி வீதியைக் கடந்திருந்தேன். யாரோ உள்ளேயிருந்து தசையை முறுக்கியது போல இருந்தது. நடைபாதையில் ஏறி இரண்டு நிமிடம் நின்றதும் போய்விட்டது. இப்படிச் சத்தமில்லாமல் வந்து போகிற வலியை நான் நம்புவதில்லை.

இதே வலி உள்ளவர்களுக்காக எழுதுகிறேன். நடந்தால் வரும், நின்றால் போகும். வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். எனக்கு அறுபத்துமூன்று. மன்னாரில் பிறந்து, மெல்பேர்ணின் புறநகரான கிரான்பர்னில் குடியேறி, இருபது வருடம் பண்டகசாலையில் நின்று வேலை செய்த கால் இது.

மருத்துவமனையில் கையிலும் கணுக்காலிலும் பட்டி கட்டி இரத்த அழுத்தத்தை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். புறத்தமனி நோய் (காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் கொழுப்புப் படிந்து ஒடுங்குவது) என்றார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று தாதி கேட்டதும் அவசரமாக வேண்டாம் என்றேன். வருகிற ஆள் எங்கள் தேவாலயத் தமிழ்ப் பூசைக்கு வருகிறவராக இருந்தால்? நான் கோயிலுக்குப் போய்ச் சேர முதல் என் கால் கதை போய்ச் சேர்ந்துவிடும். மொழிபெயர்ப்பாளர்கள் வெளியே சொல்லக்கூடாதாம். சொல்லக்கூடாத கதைதான் எங்கள் சனத்திடம் வேகமாக ஓடும். ஆகவே மகள் நிரோஷாவையே கதைக்க வைத்தேன். நான் விட்ட பிழை அதுதான்.

புகைப்பதுண்டா என்று மருத்துவர் கேட்டது எனக்கே விளங்கியது. ஆனால் பக்கத்தில் மகள் இருக்கிறாளே. "விட்டுக் கனகாலம் எண்டு சொல்லு" என்றேன். அவள் அப்படியே சொன்னாள்.

பிறகு அவர் நீளமாகப் பேசினார். என்னுடையது பண்டகசாலை ஆங்கிலம், அவருடைய வேகத்துக்கு ஓடாது. பாதத்தைத் தொட்டார். முழங்காலுக்குக் கீழே விரலால் ஒரு கோடு இழுத்தார். நிரோஷா என் பக்கம் திரும்பினாள்.

"நடக்கட்டாம் அப்பா. நோகும்வரைக்கும் நடந்து, நிண்டு, திருப்பி நடக்கட்டாம். குளிசை தருவினம். அவ்வளவுதான்."

அவ்வளவு பேச்சுக்கு இவ்வளவுதானா? ஊசியில்லை, வெட்டில்லை. வைத்தியர் கைவிட்ட ஆளைத்தான் விரும்பினபடி நட, விரும்பினதைச் சாப்பிடு என்பார்கள். வீட்டில் மனைவி எனக்கு மீனின் நடுத்துண்டாகப் பார்த்து வைத்தாள். இது இன்னும் பயமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை நிரோஷா, "சிற்றி பார்க்கப் போவமா அப்பா?" என்றாள். எங்கள் வீட்டில் ஒருவரும் சிற்றி பார்க்கப் போனதில்லை. பாஸ்போர்ட் அலுவல் இருந்தால் போவோம், முடிந்ததும் அடுத்த ரயிலில் திரும்புவோம். கடைசியாகக் காட்டிவிடத்தான் கூட்டிப் போகிறாள் என்று முடிவு கட்டினேன்.

மே மாதம், இலையுதிர் காலம். கொலின்ஸ் வீதியில் உள்ளங்கை அகல இலைகள் காலடியில் நொறுங்கின. கன்பரா உருவாகும்வரை மெல்பேர்ண்தான் நாட்டின் தலைநகராம். நிரோஷா சொல்லிக்கொண்டே வந்தாள். வலி வந்த இடத்திலெல்லாம் நான் கட்டடம் ரசித்தேன். நகரமண்டப மணிக்கூட்டை ரசித்தேன், தேவாலயக் கோபுரத்தை ரசித்தேன், ஒன்றுமில்லாத ஒரு வங்கிச் சுவரையும் ரசித்தேன். நான் நிற்கும்போதெல்லாம் அவள் கைப்பேசியில் ஏதோ குறித்தாள். நான் கோபுரத்தைப் பார்க்க, அவள் என் காலைப் பார்த்தாள்.

கழிப்பறை தேடிப் போவதாகச் சொல்லி ஒரு சந்துக்குள் நுழைந்து ஒன்றைப் பற்றவைத்தேன். மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு திரும்பினேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கள்ள மனம் துள்ளும் என்பார்கள். பழைய பாராளுமன்றத்தின் அகலமான படிகளில் உட்கார்ந்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"உண்மையைச் சொல்லு பிள்ளை. எனக்குக் கான்சரோ?"

"இல்லை அப்பா. சிகரட்டை விடாட்டி இரத்தம் ஓடாதாம். காலை எடுக்க வேண்டி வரலாமாம். அதைத்தான் அவர் கோடு போட்டுக் காட்டினவர்."

"அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள்தானே சிகரட் பத்துறேல்லை. பத்தாத ஆளுக்கு அதை எப்பிடிச் சொல்லுறது?"

மிட்டாய் வாயில் கரைந்துகொண்டிருந்தது. வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் அழுதாள்.

"கராஜுக்குப் பின்னாலை தகரப் பேணிக்குள்ள ஒளிச்சு வைக்கிறனீங்கள். எனக்குச் சின்னனிலையிருந்தே தெரியும்."

பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடித்த கதைதான். ஊரையெல்லாம் சந்தேகித்த நான், முதல் பொய் சொன்ன என்னைச் சந்தேகிக்கவில்லை.

அடுத்த முறை மொழிபெயர்ப்பாளரைக் கேட்டேன். தொலைபேசியில் ஒரு பெண்குரல் வந்தது. "நீங்கள் எந்த ஊர்?" என்றேன். "அது சொல்லேலாது ஐயா" என்றது குரல். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கும் குரல்தானோ என்று இன்றைக்கும் காது கொடுத்துக் கேட்கிறேன். ஆனாலும் நிரோஷா பக்கத்தில் இருக்க, "ஓம், பத்துறனான். ஒரு நாளைக்குப் பத்து" என்றேன். மருத்துவர் ஏசவில்லை. தோலில் ஒட்டும் நிக்கொட்டின் பட்டை (புகைக்கும் ஆசையைக் குறைப்பது) எழுதித் தந்தார். உங்கள் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். உங்களுக்கும் சேர்த்து அதுதான் பொய் சுமக்கும்.

எட்டு மாதமாகிறது. அதே கொலின்ஸ் வீதியில் இப்போது ஓரிடத்தில்தான் நிற்கிறேன். முன்பு எனக்கு நேரம் என்பது ஒரு சிகரெட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் இருந்தது. இப்போது வலி ஏறி இறங்கும் இரண்டு நிமிடங்களில் இருக்கிறது. விடிந்ததும் இரு பாதங்களையும் தொட்டு இரத்தம் ஓடாமல் எது குளிர்ந்திருக்கிறது என்று பார்க்கிறேன். இந்தக் கால் என்னுடையது என்று முன்பு நினைத்ததே இல்லை. அது பாட்டுக்குக் கிடந்தது.

நிரோஷா வேலையால் வந்ததும் தினமும் கேட்பாள், "இண்டைக்குப் பத்தினீங்களோ?" என்று. இல்லை என்றால் நம்புகிறாள். நேற்று அவள் கேட்டபோது, "ஒண்டு" என்றேன்.

அவள் என் சப்பாத்துகளை எடுத்துவந்து முன்னால் வைத்தாள்.

"வாங்கோ அப்பா, இருட்ட முதல் நடந்திட்டு வருவம்."