அண்டர்ஸ்கோர் விழுங்கிய நாலு மூட்டை

பேச்சியம்மா அக்காவின் நாலு மூட்டை ஏலக்காயைப் பொதுக் குவியலில் கொட்டியது சுமைக்காரர்கள். கொட்டவைத்தது நான் எழுதிய ஒரு வரி. கம்ப்யூட்டர் கோடு எழுத வருகிற பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும் என்று இதைச் சொல்கிறேன். பெருமைப்பட ஒன்றும் இல்லை.

போடியில் ஜமால் பாயின் ஏலக்காய் ஸ்டோருக்கு நான்தான் சாஃப்ட்வேர். அங்கே ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு தோட்டக்காரரின் சரக்கும் ஒரு லாட். எஃப் ஷார்ப்பில் எழுதினேன். அது ஃபங்ஷனல் மொழி. அதில் ஒரு மதிப்பை வைத்தால் வைத்ததுதான். லாட் பட்டியலை மேப் என்ற ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் புதுப் பட்டியல் வரும், பழையது அப்படியே கிடக்கும். அப்புறம் மேட்ச். லாட் எந்தெந்த நிலையில் இருக்கலாமோ அத்தனைக்கும் ஒரு வரி எழுத வேண்டும். ஒன்றை விட்டால், கோடைச் சரிபார்க்கிற கம்பைலர் எச்சரிக்கும். அலுப்பாக இருந்தால் அண்டர்ஸ்கோர் என்ற ஒற்றை அடிக்கோடு போடலாம், 'மீதி எதுவானாலும்' என்று அர்த்தம். கம்பைலர் வாயை மூடிக்கொள்ளும்.

எனக்கு அலுப்பாக இருந்தது. யாரும் கேட்காத லாட் தோட்டக்காரருக்குத் திரும்பும், மீதி எதுவானாலும் விற்ற காயைக் கலந்து கொட்டுகிற பொதுக் குவியலுக்கு என்று எழுதினேன். அப்போது மீதி என்றால் விற்ற லாட் மட்டும்தான்.

ஆனால் எங்கள் ஏலத்தில் விலை கேட்ட பிறகும் தோட்டக்காரர் 'தரலை' என்று நிறுத்திவைக்கலாம். அதுவரை அதையும் யாரும் கேட்காத லாட்டாகவே பதிந்துவந்தோம். கொஞ்ச நாள் கழித்துப் பாய் சொன்னார்: "தம்பி, நிறுத்திவச்ச லாட்டைத் தனியாக் காட்டுங்க. வெரசா வேணும்." மூன்றாவது நிலையைச் சேர்த்தேன். கம்பைலர் மூச்சு விடவில்லை. சோலி முடிந்தது என்று நானும் கிளம்பிவிட்டேன்.

அந்த வாரம் பேச்சியம்மா அக்கா லாட் ஏலத்துக்கு வந்தது. மலையில் ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவர். முதல்முறையாகத் தானே டிரையர் பக்கத்தில் உட்கார்ந்து, பச்சை குறையாமல் காயவைத்திருந்தார். வியாபாரிகள் அவருடைய மாதிரிக் காய்த் தட்டை லேசாகப் பார்த்துவிட்டுச் சாதாரணக் காய்போலக் கேட்டார்கள்.

"தரலை. அடுத்த ஏலத்துல வெளிச்சத்துல வச்சுக் காட்டுறேன். ஆரு காயின்னு கேப்பாக" என்றார் அக்கா.

மறுநாள் அக்கா மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி ஸ்டோருக்கு வந்தபோது நாலும் வெறும் சாக்கு. என் அண்டர்ஸ்கோர் அந்த லாட்டையும் 'மீதி' என்று குவியலுக்கு அனுப்பியிருந்தது.

"எடைக்கு எடை நல்ல காயா அள்ளிக்கங்க" என்றார் பாய்.

"காய் இருக்கு பாய். எங்காய் இல்லையே."

என் ஸ்கிரீனில் அவர் லாட் அப்படியே இருந்தது. நாலு மூட்டை, எட்டு எம்எம், நிறம் கரும்பச்சை.

"இங்கன இருக்கே தம்பி."

"இதுல எதுவும் மாறாதுக்கா."

"அப்ப இதுலருந்து எடுத்துக் கொடுங்க."

அவர் ஒன்றும் தெரியாமல் கேட்கவில்லை. எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

அன்றே எல்லா அண்டர்ஸ்கோரையும் எடுத்தேன். கம்பைலர் பதினோரு இடத்தில் எச்சரித்தது. பதினோரு இடத்திலும் ஒவ்வொரு நிலையையும் பெயர் சொல்லி எழுதினேன். இன்றைக்கும் அப்படித்தான், எவ்வளவு அலுப்பாக இருந்தாலும்.

அடுத்த ஏலத்துக்கு அக்கா வந்தார். கையில் தட்டு இல்லை.

"எல்லாம் எழுதிட்டீகளா தம்பி?"

"எழுதிட்டேன்க்கா."

"சரி" என்று சொல்லிவிட்டுப் போய், அடுத்தவர்கள் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.