சின்னவளுக்குப் பூஜ்யம்

என் அத்தானைப் போல நேர்மையான மனிதர் கிடைக்கமாட்டார் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த நேர்மையைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டும் என்று நான் சொல்கிறேன். அக்காவின் வீட்டுக்காரராயிற்றே என்று வாயை மூடிக்கொண்டிருந்த காலம் மலையேறிவிட்டது.

அவருக்கு ஆற்றை அளக்கும் வேலை. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் காட்டுக்குள் நடந்துபோய், கல்தூணில் பதித்த இரும்பு அளவுகோலில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். மாதக் கடைசியில் அதன் நகல் ஆபீசுக்குப் போகும். கல்யாணத்தன்று காலையில்கூட அளந்துவிட்டுத்தான் வந்தார். மாப்பிள்ளையைக் காணோமே என்று நாங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

எங்கள் ஆறு ரொம்பச் சின்னது. மலை இடுக்கில் பிறந்து, காட்டுக்குள்ளேயே ஏழு கிலோமீட்டர் ஓடி, பெரிய ஆற்றில் சேர்ந்துவிடும். பெரிய ஆறு எங்களுக்குப் பெரியவள், இது சின்னவள். பாதி வழியில் வீடு அளவுக்கு ஒரு பாறை கிடக்கிறது. அங்கே சின்னவள் இரண்டாகப் பிரிவாள். இடது கிளை மேடு, மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் வரும். வலது கிளை பள்ளம், வருஷம் முழுக்க ஓடும். கீழே இரண்டும் மறுபடி சேரும் இடத்தில்தான் என் துவைகல். மூன்று லாட்ஜுகளின் படுக்கை விரிப்புகள் எனக்கு வருகின்றன. என் இரண்டு பெண்களும் அதில்தான் படிக்கிறார்கள்.

அளவுகோலை நட்ட இன்ஜினியர் அடைமழையில் ஜீப்பில் வந்தாராம். இரண்டு கிளையிலும் வெள்ளம். பாறையைச் சுற்றிப் போனால் பளபளக்கும் ஷூ நனைந்துவிடுமே! ஜீப் நின்ற பக்கத்திலேயே, இடது கிளையில் நட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் மூன்று மாதம் அத்தான் நோட்டில் பூஜ்யம் எழுதுவார். எழுதி முடித்து, முப்பதடி தள்ளி வலது கிளையில் ஜில்லென்று முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வருவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இது உங்களுக்கே நல்லா இருக்கா அத்தான்? மூஞ்சியில தண்ணி சொட்டுது, நோட்டுல பூஜ்யமா?"

"அளவுகோல் அங்கதானேம்மா இருக்கு. அதுல உள்ளதைத்தான் எழுதணும்னு உத்தரவு."

"உங்க கண்ணு எங்க இருக்கு?"

சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றுவார்.

போன கோடையில் என் துவைகல்லுக்கு எதிரே ஒரு தகரப் பலகை முளைத்தது. 'பெயரில்லா ஓடை எண் 14. பருவகால ஓடை என்பதால் மேற்பகுதியில் தடுப்பணை கட்டி முழு நீரும் குளிர்பானத் தொழிற்சாலைக்கு வழங்கப்படும். ஆட்சேபணைகள் பதினைந்து நாட்களுக்குள்.' வற்றாத ஆறாக இருந்தால் மறிக்கக் கூடாதாம். பருவகால ஓடை என்றால் ஒரு சொட்டு விடாமல் எடுத்துக்கொள்ளலாமாம். பெயரில்லையாம்! ஈரக்கையோடு போய் அத்தானை இழுத்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினேன்.

அதிகாரி சுவரில் இருந்த வரைபடத்தைக் காட்டினார். நீல நூலாக ஒரு கோடு. பக்கத்தில் எழுத்தே இல்லை.

"வருஷம் பூரா தண்ணி ஓடுது சார். நான் அதுலதான் துவைக்கிறேன்" என்றேன்.

அவர் கட்டுக் கட்டாக நகல்களை எடுத்து அத்தான் முன்னால் போட்டார். "இது யார் கையெழுத்து?"

"என்னோடதுதான் சார்."

"இருபத்திரண்டு கோடைக்கும் பூஜ்யம். வறண்டு கிடக்குன்னு நீங்களே எழுதிட்டு, இப்ப கொழுந்தியாவைக் கூட்டிட்டு வந்து ஆறுன்னா எப்படி?"

மாடிப்படியில் இறங்கும்போது எனக்குப் பொறுமை போய்விட்டது. "நம்ம ஆத்தை நீங்களே கொன்னுட்டீங்க அத்தான்! ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்து எழுதியிருக்கக் கூடாதா?"

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. படியிலேயே உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, முழங்காலில் வைத்து எழுதினார். திரும்ப மேலே ஏறினார். நானும் பின்னால் ஓடினேன்.

அதிகாரி வாசித்தார். 'சின்னவள் என்னும் ஆற்றின் வலது கிளையில் ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடுகிறது. அதை நான் அளக்கவில்லை. தவறு என்னுடையது.'

"இதைக் குடுத்தா வேலை போயிடும் ஐயா. ஓய்வுக்கு ஒன்றரை வருஷம்தானே இருக்கு? கிழிச்சுப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க."

"பதிவு பண்ணி ரசீது குடுங்க சார்" என்றார் அத்தான். அவர் குரல் உயர்ந்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

எட்டாம் நாள் உத்தரவு வந்தது. அக்கா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அத்தான் ஆறு மணி ஆனதும் பழக்கத்தில் எழுந்து, போக இடமில்லாமல் மறுபடி உட்கார்ந்தார். நான்தான் தாளைப் பிடுங்கி வாசித்தேன். 'சின்னவள் ஆற்றின் வலது கிளையில் ஆண்டு முழுவதும் ஓடும் நீரை இருபத்திரண்டு ஆண்டுகளாக அளக்கத் தவறிய குற்றத்திற்காகப் பணிநீக்கம் செய்யப்படுகிறார்.'

மூன்று முறை வாசித்தேன். ஆற்றைக் காப்பாற்றக் கேட்டபோது இல்லாத தண்ணீர், இந்த மனிதரைத் தண்டிக்க மட்டும் எங்கிருந்து ஓடி வந்தது? அப்படி ஒரு கோபம் எனக்கு அதுவரை வந்ததே இல்லை.

ஐந்து நகல் எடுத்தேன். ஆட்சேபணை மனுவில் ஒன்றைச் சேர்த்து வைத்து, மறுநாள் காலை அதே மேஜையில் போட்டேன். உத்தரவின் அடிப்பக்கத்தில் விரலை வைத்தேன்.

"இது யார் கையெழுத்து சார்?"