பெண் என்பதற்கு ஒரு சீட்டு

அந்தப் படத்தில் பாப்பாவின் தலை முழுக்கச் சந்தனம். ஐந்து வயது. காதில் கம்மல் இல்லை, கழுத்தில் பாசிமணிகூட இல்லை. நெஞ்சில் கப்பல் படம் போட்ட நீல பனியன். முன்னால் இருக்கும் கேமராக்காரனை ஏதோ கடனைத் திருப்பித் தராதவனைப் பார்ப்பதுபோல முறைக்கிறாள். ஆதார் அட்டையில் அந்தப் படம் தபால்தலை அளவுக்குத்தான் இருக்கும். ஆனாலும் அந்த முறைப்பு நன்றாகத் தெரியும். அதற்குப் பக்கத்தில், பெயர், பிறந்த தேதி எல்லாவற்றுக்கும் கீழே, ‘ஆண்பால்’ என்று அச்சடித்திருக்கும்.

பாப்பா என் அக்காவின் ஒரே மகள். நாலு வயதில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஊசிக்கும் அடங்கவில்லை, மருந்துக்கும் அடங்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு, பிள்ளை பிழைத்தால் வேளாங்கண்ணிக்கு வந்து மொட்டை போடுகிறேன் என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள் அக்கா. பிள்ளை பிழைத்தது. அடுத்த வருஷம் கூட்டிக்கொண்டு போய் முடி கொடுத்தார்கள். பஸ்ஸில் பாப்பா வழியெல்லாம் வாந்தி எடுத்து, கொண்டு போன கவுன்கள் அத்தனையும் நாறிப்போயின. கடற்கரைக் கடையில் கைக்குக் கிடைத்த பனியனையும் அரைக்கால் சட்டையையும் வாங்கி மாட்டிவிட்டாள் அக்கா. கூட்டத்தில் தொலைந்துபோகும் என்று கம்மலைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். ஊருக்குத் திரும்பிய மறுநாள் ராஜகீழ்ப்பாக்கத்தில் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆதார் முகாம். குளிப்பாட்டி, தலையில் புதிதாகச் சந்தனம் பூசி, துவைத்துக் காய்ந்திருந்த அதே பனியனைப் போட்டுக் கூட்டிக்கொண்டு போனாள். மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் தலையைப் பார்த்தான், பனியனைப் பார்த்தான், தட்டிவிட்டான். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அட்டை தபாலில் வந்தபோது பெயரைப் பார்த்தோம், அப்பா பெயரைப் பார்த்தோம், கதவு எண்ணைப் பார்த்தோம். அந்த ஒரு சொல்லை யார் பார்த்தார்கள்? பெற்றவளுக்கு எதில் வேண்டுமானாலும் சந்தேகம் வரலாம், இதில் வருமா? பள்ளிக்கூடத்திலும் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அலமாரியில் சேலைக்கு அடியில் அது பத்து வருஷம் ஆணாகவே படுத்துக் கிடந்தது.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகள் தங்கும் விடுதி ஒன்றில் அவள் சமையல் வேலை பார்க்கிறாள். ஆயிரம் குறை சொல்லும் கூட்டம் அது. சாம்பார் தண்ணி, சப்பாத்தி கட்டை, முட்டை சின்னது என்று தட்டைத் தள்ளிவிட்டுப் போவார்கள். யார் என்ன பேசினாலும், கண்டக்டர் எரிந்து விழுந்தாலும், ரேஷன் கடையில் விரட்டினாலும், அக்காவிடமிருந்து ஒரே பதில்தான் வரும். “விடுடி, அவனுக்கு வூட்ல என்ன கஷ்டமோ.” தையல் கடை வைத்திருக்கும் எனக்கு நாள் முழுக்கப் பெண்களின் பேச்சைக் கேட்பதுதான் பாதி வேலை. எத்தனையோ பேரின் வார்த்தைகளை மனதில் முடிந்து வைத்திருக்கிறேன். அக்காவின் அந்த வார்த்தையை மட்டும் என்னால் சகித்துக்கொள்ள முடிந்ததில்லை. உலகத்தில் இருக்கும் எல்லா முரடனுக்கும் இவள் ஒருத்தியே மன்னிப்பு எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாளே என்று பற்றிக்கொண்டு வரும்.

பாப்பா பத்தாம் வகுப்புக்கு வந்தாள். பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும் நேரம். பதினைந்து வயதானதால் கைரேகை, கண், படம் எல்லாம் புதிதாகப் பதிய வேண்டும் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் சொன்னார்கள். பாப்பாவை மட்டும் வகுப்பாசிரியை தனியாகக் கூப்பிட்டு, “இதுல ஒரு தப்பு இருக்கும்மா, அம்மாகிட்ட சொல்லி அதையும் மாத்திடு” என்று காதோடு சொல்லி அனுப்பினார். அந்த அம்மாளை நான் இன்றுவரை பார்த்ததில்லை. ஆனால் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். படித்தவர்களில் இப்படியும் இருக்கிறார்கள்.

தாம்பரத்தில் ஒரு மையத்துக்குப் போனோம். அக்கா, பாப்பா, நான். விடிந்ததுமே போய் டோக்கன் வாங்கி, வெயில் ஏறும்வரை நின்றோம். பள்ளிக்கூடங்களிலெல்லாம் ஒரே நேரத்தில் சொல்லியிருந்ததால் எங்கு பார்த்தாலும் தாயும் பிள்ளையுமாகக் கூட்டம். பாப்பாவின் வகுப்புப் பெண் ஒருத்தியும் அம்மாவோடு நாலு பேருக்குப் பின்னால் நின்றிருந்தாள். இரண்டு பேரும் நின்ற இடத்திலிருந்தே சைகை காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் முறை வந்தது. கவுன்ட்டரில் இருந்த பையனுக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. எண்ணைத் தட்டிவிட்டு, திரையைப் பார்த்தான், பாப்பாவைப் பார்த்தான், மறுபடியும் திரையைப் பார்த்தான். பிறகு அந்தக் கூடத்துக்கே கேட்கும்படி கேட்டான்.

“இன்னாக்கா இது, ஆம்பளன்னு கீது?”

அக்கா மெதுவாக, மாதா கோயிலையும் மொட்டையையும் பனியனையும் சொன்னாள். பிறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டினாள். அதில் ‘பெண்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டு, “இது பொறந்த தேதிக்குத்தான்க்கா ப்ரூஃப். ஆம்பள பொம்பள மேட்டருக்கு இது செல்லாது. டாக்டராண்ட போய், பொண்ணுதான்னு செக் பண்ணி ஒரு சீட்டு வாங்கியாந்துடுங்க” என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். பெரிய அக்கிரமக்காரச் சிரிப்பு இல்லை அது. வேலை நடுவில் ஒரு வேடிக்கை கிடைத்த சிரிப்பு. எனக்கு அதுதான் இன்னும் எரிகிறது.

பின்னால் நின்ற ஒரு பெரியவர் குரல் கொடுத்தார். “யோவ், பையனா பொண்ணான்னு சட்டுனு பாத்து முடிப்பா. நாங்கல்லாம் எம்மா நேரம் நின்னுகினு கீறோம்!” கூடம் கொல்லென்று சிரித்தது. குழந்தையை இடுப்பில் வைத்திருந்த பெண்களும் சிரித்தார்கள். பாப்பாவின் வகுப்புப் பெண்ணும் சிரித்தாள். பாப்பா துப்பட்டாவை இரண்டு கையாலும் இழுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். பதினைந்து வயதுப் பெண் பிள்ளை. அத்தனை பேர் கண்ணும் எங்கே போகிறது என்று தெரியாத வயதா அது?

சிரிக்காமல் நின்றவர் ஒருவர்தான். பக்கத்து வரிசையில் இருந்த திருநங்கை. நாங்கள் வெளியே வரும்போது அக்காவின் தோளைத் தொட்டு, “எங்களாண்ட கேட்டுக் கேட்டுப் பழகிட்டானுங்கக்கா. இப்ப கொழந்தயாண்டயும் ஆரம்பிச்சிட்டானுங்க” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் அவர் எத்தனை கவுன்ட்டரைப் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன். அக்கா என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியும் என்றிருந்தேன். ‘அவனுக்கு வூட்ல என்ன கஷ்டமோ’. அதைச் சொன்னால் இன்றைக்கு இவளோடு சண்டை போட்டுவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் சொல்லவில்லை.

அத்தான் நல்ல மனிதர். அதனால்தான் அவர் சொன்னதை மன்னிக்க எனக்கு நாளாயிற்று. “ஒரு சீட்டுதானே, லேடி டாக்டரா பாத்து வாங்கிட்டு வந்துடலாம். வேலை ஆகணும்ல?” என்றார். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. “என் வயித்துல பொறந்தது என்னன்னு எனக்குத் தெரியும். என் புள்ள துணிய வெலக்கிப் பாத்து இன்னொருத்தர் எழுதித் தர வேணாம். லேடியா இருந்தாலும் வேணாம்” என்றாள். அத்தான் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆனால் அதற்குள் கதை பள்ளிக்கூடம் போய்விட்டது. அந்த வகுப்புப் பெண் கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். பார்த்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அவர்கள் எப்போதுமே ஒருத்தியை ஒருத்தி மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். இப்போது பாப்பாவை மட்டும் மச்சான் என்று கூப்பிட்டால் பெஞ்சே சிரித்தது. “டேய் தம்பி, இது கேர்ள்ஸ் ஸ்கூல்டா” என்றார்கள். “சீட்டு வாங்கிட்டியா?” என்றார்கள். பாப்பா வயிற்றுவலி என்றாள், தலைவலி என்றாள், பிறகு காரணம் சொல்வதையே விட்டுவிட்டாள். பொதுத்தேர்வு வருகிற வருஷத்தில், கணக்கில் எப்போதும் முதல் மூன்று பேருக்குள் வருகிற பிள்ளை, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, “இனிமே போகமாட்டேன் சித்தி” என்றாள். அக்கா பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டவள். நான் ஒன்பதாவதோடு. இந்த வீட்டில் பத்தாவது எழுதப் போகிற முதல் பெண் இவள்தான்.

எனக்கு வந்த கோபத்துக்கு ஓர் இடம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முகாமில் தட்டிவிட்டவன் எங்கே இருக்கிறானோ, அக்காவுக்கு அவன் முகம்கூட நினைவில்லை. தப்பு செய்தவனுக்கு ஒரு நொடி வேலை. அதைச் சுமக்கிறவள் தன் உடம்பைக் கொண்டுபோய் ஒரு மேஜைமேல் கிடத்திக் காட்ட வேண்டுமாம். முடி கொடுத்தது தப்பா? எங்கள் வீட்டுப் பக்கம் அப்படியும் பேசினார்கள். நாங்கள் பிறந்த வீடு சி.எஸ்.ஐ. சபை, அங்கே நேர்த்திக்கடனெல்லாம் கிடையாது; அக்கா வாழ்க்கைப்பட்டது கத்தோலிக்கக் குடும்பம். “இதுக்குத்தான் இந்த மொட்டையெல்லாம் நமக்கு வேணாம்னு அன்னைக்கே சொன்னோம்” என்று ஒரு சொந்தக்காரர் போன் போட்டுச் சொன்னார். பிள்ளை சாகக் கிடந்தபோது அவர் போன் போடவில்லை.

கடைக்கு வரும் ஒரு பெண் சொல்லி, சேலையூர்ப் பக்கம் வேறொரு மையத்துக்குப் போனோம். அங்கே இருந்தது ஒரு பெண். பிறப்புச் சான்றிதழைப் பார்த்தாள், பழைய படத்தைப் பார்த்தாள். “மொட்டையா? எங்க வீட்லயும் பழனில இப்படித்தான், என் தங்கச்சிய எல்லாரும் தம்பின்னே கூப்ட்டாங்க” என்றாள். டாக்டர் சீட்டு என்று அக்கா தயங்கித் தயங்கி ஆரம்பித்தபோது அவள் நிமிர்ந்து பார்த்தாள். “எதுக்கு? இதுக்கா? யார் கேட்டா?” அவ்வளவுதான். பாப்பாவின் பத்து விரலையும் ஒற்றி எடுத்தாள், கண்ணை எடுத்தாள். படம் எடுக்குமுன், “ஜடைய முன்னாடி போட்டுக்கோமா, அழகா இருக்கு” என்றாள். ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை. அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை. இவ்வளவுதானா, இதற்காகவா என்று உள்ளுக்குள் கொதித்தது.

ஒப்புகைச் சீட்டைப் பாப்பா கையிலேயே கொடுத்தோம். அவள் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். மறுநாளும் பள்ளிக்கூடம் போகவில்லை. “ஆதார்ல மாறிடுச்சு சித்தி. அவங்க வாய்ல மாறுமா?” என்றாள். அன்று சாயங்காலம் அக்கா விடுதிக்குப் போன் செய்து காலைச் சமையலுக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொன்னாள். பிறகு என்னிடம், “நாளைக்குத் தாம்பரம் போறோம். புள்ளையும் வரணும்” என்றாள். எதற்கு என்று கேட்டேன். “வாடி” என்றாள்.

பாப்பா இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். இன்றைக்கும் தாம்பரத்தில் அந்த மையம் இருக்கும் தெரு வழியாகப் போக வேண்டி வந்தால் நான் மார்க்கெட் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகிறேன். பயந்து அல்ல. உள்ளே நுழைந்து எதையாவது பேசிவிடுவேன் என்றுதான். அக்காவுக்கு அந்தச் சிரமம் இல்லை. அவள் பேச வேண்டியதைப் பேசிவிட்டாள்.

அந்த நாள் தாம்பரத்தில் அக்கா மறுபடியும் டோக்கன் வாங்கினாள். மறுபடியும் வரிசையில் நின்றாள். குறுக்கே போகலாம் என்றேன், “வேணாம், மொறையா போவோம்” என்றாள். எங்கள் முறை வந்ததும் அந்தப் பையன் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, “அக்கா, அப்டேட்டு போட்டாச்சே. அப்பால இன்னா?” என்றான்.

“அப்டேட்டுக்கு வரல தம்பி. அன்னைக்கு என் பொண்ணப் பாத்து, டாக்டர் செக் பண்ணிச் சீட்டு குடுக்கணும்னு சொன்னீங்க. சிரிச்சீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அதுலேர்ந்து அவ ஸ்கூலுக்குப் போறதில்ல. இதோ நிக்கறா. அவகிட்ட மன்னிப்பு கேளுங்க.”

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். “நான் இன்னாக்கா பண்ணேன்? சிஸ்டத்துல இருந்தத சொன்னேன்.”

“சிஸ்டம் சிரிக்காது தம்பி.”

பின்னாலிருந்து ஒரு குரல், அன்றைக்கு இருந்த பெரியவர் இல்லை, ஆனால் அவரைப் போலவே ஒருவர், “வந்த வேல முடிஞ்சா நவுருமா, பேஜாரா கீது” என்றது. அக்கா திரும்பவே இல்லை. “இருங்க சார். உங்க டோக்கன் எங்கயும் ஓடிடாது” என்றாள். அதே குரல்தான், விடுதியில் இன்னும் ரெண்டு சப்பாத்தி வேணுமா என்று கேட்கிற குரல். அதை உயர்த்தவில்லை.

அவன் திரையைப் பார்த்துக்கொண்டே, “சரி, சாரி” என்றான்.

“ஸ்கிரீனுக்கு வேணாம். அவளப் பாத்து.”

ஒரு பிரின்டர் மட்டும் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. அவன் மவுஸை நகர்த்தினான், திரும்ப நகர்த்தினான். காது சிவந்துவிட்டது. தலையை மட்டும் தூக்க முடியவில்லை. அக்கா நகரவில்லை. மத்தியானம்வரை நின்றிருப்பாள், எனக்குத் தெரியும்.

பாப்பாதான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கையிலிருந்த துப்பட்டாவை விட்டுவிட்டு, அக்காவின் முழங்கையைத் தொட்டாள்.

“போதும்மா, வா. வீட்டுக்குப் போய் யூனிஃபார்ம் மாத்தணும். மத்தியானம் மேத்ஸ் டெஸ்ட் இருக்காம்.”