செத்து எழுந்தவள் கெட்டவளா?

குன்னூரை அடுத்த வெலிங்டனில் என் தோழியின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என் வீராங்கனை செத்துப்போனாள். மந்திரவாதியின் கோட்டை வாசலில், ஒரே வெட்டு. நான் அவளுக்காக வருத்தப்பட்டு முடிப்பதற்குள் மந்திரவாதி அவளை எழுப்பிவிட்டான்.

அது கதை சொல்லி ஆடும் விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரத்தைத் தாளில் உருவாக்கிக்கொண்டு அந்தக் கதைக்குள் இறங்குவார்கள். பெயர், பலம், ஆயுதம், நல்லவரா கெட்டவரா என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்கும். நாம் செய்ய நினைப்பது நடக்குமா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். கதையை நடத்துபவள் தோழிதான். விதிப்புத்தகம் அவளுடைய மாமா வெளிநாட்டிலிருந்து அனுப்பியது. ஆடுவது நானும் அவளுடைய அத்தை மகனும். சனிக்கிழமை மதியங்களில் அவன் அருவங்காட்டுக் குவார்ட்டர்ஸிலிருந்து வருவான்.

"தாளைக் குடுடி" என்றாள் தோழி.

"எதுக்கு?"

"அவ இனிமே மந்திரவாதியோட ஆளு. செத்து எந்திரிச்சவங்க எல்லாருமே கெட்டவங்க, புத்தகத்துல போட்டிருக்கு. அவள நான்தான் ஆடணும். நீ வேற ஒருத்திய செஞ்சுக்க."

சொல்லிக்கொண்டே தாளை இழுத்து, நான் எழுதியிருந்த 'நல்லவள்' என்ற சொல்லை ரப்பரால் அழித்து, பென்சிலால் 'கெட்டவள்' என்று எழுதினாள். அத்தை மகன் சிரித்தான். "ஏனுங்க அம்மணி, பேய்க்கெல்லாம் வக்காலத்து வாங்காதீங்க. அடுத்த வாரம் நானே பந்தம் கொளுத்தி எரிச்சுடறேன்."

வேறொருத்தியைச் செய்ய எனக்கு மனமில்லை. இவளுடைய வாளின் நீளத்திலிருந்து கோபம் வரை நானே யோசித்து எழுதியவை. தாளைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டேன். ஒரு வாரம் தவணை கேட்டேன். புத்தகத்தையும் கேட்டு வாங்கினேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். புத்தகத்தில் இருக்கிறது என்று யாராவது சொன்னால், எந்தப் பக்கம் என்று கேட்காமல் விடமாட்டேன்.

எஸ்டேட்டுக்குப் போகும் பஸ்ஸிலேயே அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தேன். எலும்புக்கூடுகள், நடக்கும் பிணங்கள், எல்லாவற்றுக்கும் நேராக ஒரே சொல்: கெட்டது. ஏன் என்று ஒரு வரி இல்லை. இலங்கையிலிருந்து திரும்பி வந்து எஸ்டேட் வரிசைவீடுகளில் குடியிருக்கும் எங்கள் லயத்து ஆட்களைப் பற்றியும் கடைவீதியில் இப்படித்தான் பேசுவார்கள். அக்கம்பக்கத்தில் எது திருடுபோனாலும் "சிலோன்காரங்க லயத்துல போய்ப் பாருங்க" என்பார்கள். அங்கேயும் ஏன் என்று ஒரு வரி இருக்காது.

தேயிலை விலை விழுந்து, எங்கள் எஸ்டேட் ஃபேக்டரியை மூடி, வேலைக்குக் கூப்பிடும் சங்கு ஊதுவது நின்றுபோயிருந்த காலம் அது. அந்த வருடம் காமன் கூத்து வேண்டாம் என்று சிலர் சொல்லியிருந்தார்கள். சங்கு நின்றதற்காகச் சாமியையும் நிறுத்துவதா என்று அம்மா சண்டை போட்டாளாம். அந்த வாரத்தில்தான் கூத்து நடந்தது. சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதனை எரிப்பார். ரதி அழுது புரண்டு கேட்க, மூன்றாம் நாள் அவனை எழுப்பிக் கொடுப்பார். ரதி வேஷம் எங்கள் அப்பா. மன்மதன், ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் வேலை பார்த்துவந்த பக்கத்து வீட்டு மாமா.

மூன்றாம் நாள் காலை நானும் கூட்டத்தில் நின்றேன். மாமா வெள்ளைத் துணிக்கு அடியில் படுத்திருந்தார். மீசையை மழித்து, அம்மாவின் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு அப்பா அழுதார். தப்புமேளம் வேகமெடுத்தது. துணி அசைந்தது. மாமா எழுந்து உட்கார்ந்தார், ஆனால் நிற்க முடியவில்லை.

"கால் மரத்துப் போச்சுப்பா. தேத்தண்ணி இருக்கா?"

"செத்தவன் கேக்குற கேள்வியா இது?" என்றார் ரதி.

"நீ இழுத்து இழுத்து அழுதா, செத்தவனுக்கும் தாகம் எடுக்கும்ல?"

கூட்டம் சிரித்தது. அம்மா டம்ளரை நீட்டினாள். பெண்கள் மாமாவின் காலில் விழுந்து கும்பிட்டார்கள். நான் சிறு வயதிலிருந்து பார்த்துவரும் காட்சிதான். அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. செத்து எழுந்த ஒருவனை நாங்கள் வருடா வருடம் கும்பிடுகிறோம். அவனை எழுப்பச் சொன்னது அவன்மேல் ஆசை வைத்தவள். மந்திரவாதி எழுப்பியது வெட்டுவதற்கு ஆள் வேண்டும் என்பதற்காக. வித்தியாசம் எழுப்புகிறவர்களிடம் இருக்கிறது. எழுந்தவர்களைக் கெட்டவர்கள் என்று எழுதிவைக்க என்ன நியாயம்?

சனிக்கிழமை மேசையில் இதைத்தான் சொன்னேன்.

"சாமி கதை வேற, இது வேற" என்றாள் தோழி. "அவ மந்திரவாதி சொல்றதத்தான் செய்வா. அப்புறம் எப்படி நல்லவ?"

"சொல்றத செய்யறாளா, செய்ய வைக்கிறாங்களா? மாட்டேன்னு சொல்ல அவளுக்கு ஒரு வாய்ப்பு குடு. ஒவ்வொரு முறையும் நான் பகடை உருட்டறேன்."

"இருபது விழுந்தாத்தான் ஒத்துக்குவேன்."

"சரி."

"விழவே விழாதுடி."

"உருட்டறது நான்தானே."

அவள் கதையைத் தொடர்ந்தாள். அத்தை மகனின் வீரன் பந்தத்தோடு கோட்டைக்குள் நுழைந்தான். மந்திரவாதி என் வீராங்கனையைப் பார்த்து, "அவனை வெட்டு" என்றான். நான் பகடையை உருட்டினேன். ஏழு. அவளுடைய வாள் வீரனின் தோளில் இறங்கியது.

"பாத்தீங்களா அம்மணி? நல்லவ வெட்டற வெட்டா இது?"

"வெட்டச் சொன்னது அவன். மாட்டேன்னு உருட்டினது நான். அடுத்த தடவையும் உருட்டுவேன், அதுக்கடுத்த தடவையும்."

இப்போது அவன் முறை. செத்து எழுந்தவர்கள் நெருப்புக்குத் தாங்கமாட்டார்கள் என்பது விதி. அவன் பந்தத்தை நீட்டினால் போதும், அவள் சாம்பல், என் தாள் குப்பை. கெஞ்சக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவன் பகடையைக் கையில் குலுக்கினான். என்னைப் பார்த்தான். தாளைப் பார்த்தான்.

"மந்திரவாதி எங்க நிக்கிறான்?" என்று தோழியிடம் கேட்டான்.

"பக்கத்துலயே இவ நிக்கிறாளேடா! இவள விட்டா மறுபடி வெட்டுவா."

"வெட்டட்டும். நான் அவனைப் பாத்துக்கறேன். அம்மணி அவங்க பாட்டுக்கு உருட்டட்டும்."

தோழி உச்சுக்கொட்டினாள். "புத்தகத்துல இப்படியெல்லாம் இல்ல" என்றாள். ஆனால் தாளைக் கேட்டு நீண்டிருந்த கையை மடக்கிக்கொண்டாள்.

நான் ரப்பரை எடுத்து 'கெட்டவள்' என்பதை அழித்தேன். பையிலிருந்து பேனாவை எடுத்து அதே இடத்தில் 'நல்லவள்' என்று எழுதினேன்.

"பேனாவுலயா எழுதற? அப்புறம் மாத்த முடியாதுடி."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு, பகடைக்காகக் கையை நீட்டினேன்.