மிரே கண் விழிக்க ஒரு மாவிளக்கு

இலங்கையில் இரத்தோட்டைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்க நல்லம்மாவின் நிரைக்குப் பக்கத்து நிரை கிடைக்க வேண்டுமென்று பெண்களுக்குள் ஒரு போட்டியே நடக்கும். அங்கே கொழுந்து அதிகம் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் நாள் டிவி நாடகத்தைப் பார்க்கத் தவறியவர்களுக்கு நல்லம்மா அதை ஒன்று விடாமல் சொல்லுவாள். கை பாட்டுக்குக் கொழுந்தைக் கிள்ளும். வாய் பாட்டுக்குக் கதாநாயகியாக அழும், மாமியாராகச் சீறும். நடுவில் வந்த சோப்பு விளம்பரத்தைக்கூட விட மாட்டாள். கங்காணி வந்து, "இது என்னா மலையா, தியேட்டரா?" என்று ஒரு சத்தம் போடுவார். போட்டுவிட்டு, "அப்புறம் அந்தப் புள்ளைக்கு என்னாச்சு?" என்று அவரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்.

இந்தக் கிறுக்கு இன்று நேற்று வந்ததல்ல. சின்னப் பிள்ளையில் தோட்டத்து மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார்கள். முன்னால் இடம் கிடைக்காமல் துணிக்குப் பின்பக்கம் உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தவள் அவள். படத்தில் எல்லோரும் இடது கையால் சாப்பிட்டார்கள். அதற்காகக் கதையா மாறிவிடும்? பிறகு வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்துப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் புருஷனை நச்சரித்து மாத்தளைக்குப் போய்த் தியேட்டரில் பார்த்தாள். வீட்டில் வளரும் சேவலுக்கு அந்தந்த வருஷத்து வில்லனின் பெயர்தான். புருஷன் காலமாகிப் பத்து வருஷமாகிறது. மகள் சர்மிளாவும் டிவியும்தான் அவளுக்கு மிச்சம். இப்போது மகளும் பக்கத்தில் இல்லை.

சர்மிளாவுக்கு இருபத்து நான்கு வயது. தோட்டத்து முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தவள், ஜோர்தானில் கார்மென்ட் வேலைக்குப் போகிறேன் என்று ஒரு நாள் சொன்னாள். நல்லம்மா கெஞ்சினாள், திட்டினாள், இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். மகளும் தாயைப் போல்தான், பிடித்தால் பிடித்த பிடி. புறப்படும் காலையில் சர்மிளா பையோடு லயத்து வீட்டு வாசலில் நின்று, "ம்மா, போயிட்டு வர்றேன்" என்றாள். நல்லம்மா கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டே, "போ" என்றாள். அவ்வளவுதான். மலைக்கு நடந்துவிட்டாள்.

பக்கத்துக் கடைக்குப் போகிறவளைக்கூட "போயிட்டு வா" என்றுதான் அனுப்புவார்கள். கடல் தாண்டிப் போகிற பிள்ளையை வெறும் 'போ' என்று அனுப்பிய தாய் உலகத்திலேயே தான் ஒருத்திதான் என்று நல்லம்மா அன்றைக்கே நினைத்து அழுதாள். ஆனால் அதை மகளிடம் சொல்ல வாய் வரவில்லை. மகளும் பேசவில்லை. எட்டு மாதம் இரண்டு பேரும் அப்படியே கிடந்தார்கள். மற்றவர்களிடம் பேசும்போதுகூட நல்லம்மா மகளின் பெயரைச் சொல்வதில்லை. 'அவ' என்பாள்.

அப்போதுதான் அந்தக் கொரியா நாடகம் வந்தது. தமிழில் குரல் கொடுத்து மாலை ஏழரைக்குப் போட்டார்கள். கதாநாயகி பெயர் மிரே. நூடுல்ஸ் கடை வைத்து, கோபித்துக்கொண்டு போன தாயைத் தேடித் திரியும் பெண். மூன்றாம் நாளே நல்லம்மா அதற்கு அடிமையாகிவிட்டாள். கார் மோதி மிரே ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்த அன்று, நல்லம்மாவின் போனுக்கு எட்டு மாதத்துக்குப் பிறகு ஒரு குரல் பதிவு வந்தது.

"ம்மா, மிரே செத்துருவாளா?"

வணக்கம் இல்லை, சுகமா என்ற கேள்வி இல்லை. கார்மென்ட் ஹாஸ்டலில் சர்மிளாவும் அதே நாடகத்தைப் போனில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நல்லம்மா உடனே பதில் போட்டாள். "சாக மாட்டாடி. கதாநாயகிய கொன்னுட்டு யாரு நடிப்பா?"

அதிலிருந்து ஆறு மாதம் தினமும் பேச்சுத்தான். டாக்டர் நல்லவனா கெட்டவனா, தாய்க்காரி அழுவது நிஜமா நடிப்பா என்று ஆராய்ச்சி. முடிவை முன்கூட்டியே நெட்டில் தேடிப் பார்க்கக் கூடாது என்று இருவருக்கும் ஒப்பந்தம். மிரேவுக்குச் சேலை கட்டி, தலையில் மல்லிகை வைத்து யாரோ வரைந்த படம் ஒன்றைச் சர்மிளா பேஸ்புக்கில் பிடித்து அனுப்பினாள். நல்லம்மா அதைக் கொண்டுபோய் இரத்தோட்டையில் நுஹ்மானின் போட்டோகொப்பி கடையில் கலரில் எடுத்து, லேமினேட்டும் பண்ணி, டிவிக்கு மேலே வைத்தாள். சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கவில்லை. அந்த அளவுக்குக் கிறுக்கு இல்லை என்று அவளே சொல்லிக்கொள்வாள். ஆனால் மகளின் சாப்பாட்டைப் பற்றி, குளிரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அந்த 'போ' நடுவில் வந்து நின்றுவிடுமோ என்று பயம்.

ஒரு நாள் சர்மிளா சொன்னாள்: "ம்மா, மிரே செத்துருவா, அதோட நாடகமும் முடிஞ்சிரும்னு இங்க புள்ளைங்க பேசிக்கிறாங்க."

நல்லம்மா கணக்குப் போட்டுப் பார்த்தாள். நாடகம் முடிந்தால் பேச்சும் முடிந்துவிடும். வேறு எதை வைத்து மகளோடு பேசுவது? அன்றைக்கே தோட்டத்து மாரியம்மன் கோயில் பக்கம் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஆத்தா, அந்தப் புள்ள கண்ணு முழிக்கட்டும். ஒனக்கு மாவிளக்குப் போடுறேன்."

ஆத்தா கேட்டதைக் கொடுத்தாள். அடுத்த திங்கட்கிழமையே மிரே கண்ணைத் திறந்தாள். "அம்மா" என்றாள். தாய்க்காரி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டியது. திரையில் 'நிறைவு' என்று எழுத்து வந்தது.

நல்லம்மா வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தாள். நாற்பது வருஷமாகப் படம் பார்க்கிறவளுக்கு இது தெரிய வேண்டாமா? கதாநாயகி பிழைத்துவிட்டால் அப்புறம் சுபம்தானே! சாகாமலும் பிழைக்காமலும் கிடந்தால் அல்லவா நாடகம் ஓடும்? வேண்டுதலைப் போய் மாற்றி வைத்துவிட்டாளே!

அன்று சர்மிளாவின் குரல் வந்தது. "ம்மா, நல்ல முடிவுதான், என்ன?" அதற்கு மேல் இல்லை. செவ்வாய் இல்லை, புதன் இல்லை, வியாழன் இல்லை. நல்லம்மா நூறு தடவை போனை எடுத்து, பேசுவதற்கான பொத்தானை அழுத்திப் பிடித்து, வெறும் மூச்சை மட்டும் விட்டுவிட்டு அழித்தாள். பெற்ற மகளிடம் சாப்பிட்டாயா என்று கேட்க அவளுக்கு ஒரு கொரியாக்காரியின் துணை வேண்டியிருந்தது. அந்தத் துணையும் போய்விட்டது.

ஆனாலும் சாமிக்குச் சொன்னது சொன்னதுதான். வெள்ளிக்கிழமை அரிசி இடித்து, சர்க்கரை சேர்த்துப் பிசைந்து, குழியில் நெய் விட்டுத் திரி போட்டு, கோயிலுக்குப் போனாள். தட்டில் தேங்காய், பழம், அதோடு அந்த லேமினேட் படம். யாருக்கு வேண்டுதல் என்று ஆத்தாவுக்குக் குழப்பம் வரக் கூடாதல்லவா?

பூசாரி இருளாண்டி படத்தைப் பார்த்தார். நல்லம்மாவைப் பார்த்தார். அவரும் நாடகம் பார்ப்பவர்தான், அதனால் சிரிக்கவில்லை.

"பேரு?"

"மிரே."

"ராசி, நட்சத்திரம்?"

இதை அவள் யோசித்துக்கொண்டு வரவில்லை. கொரியாவில் யார் நட்சத்திரம் பார்க்கிறார்கள்? ஆனால் கேட்ட மாத்திரத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. "மீன ராசி. உத்திரட்டாதி."

இருளாண்டி பூவை எடுத்த கையை இறக்கினார். "அது நம்ம சர்மிளாவோட நட்சத்திரமில்ல?"

நல்லம்மா தட்டிலிருந்த படத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"சொல்லுத்தா. ஆத்தாகிட்ட பேர மாத்திச் சொல்லக் கூடாது. யாருக்கு அர்ச்சன?"

"சர்மிளாவுக்கு" என்றாள். பதினான்கு மாதத்துக்குப் பிறகு அந்தப் பெயர் வாயில் வந்ததும் அழுகையும் கூடவே வந்தது. இருளாண்டி மணியைக் கொஞ்சம் பலமாகவே அடித்தார்.

கோயில் படியை விட்டு இறங்குவதற்கு முன்பே போனை எடுத்தாள். யோசித்தால் மறுபடி முடியாது என்று அவளுக்குத் தெரியும். "சர்மிளா, அம்மாடி, ஒன் பேருக்கு அர்ச்சன பண்ணுனேன். மாவிளக்குப் போட்டேன். நீ சாப்புட்டியா?"

பகல் முழுக்கப் பதில் இல்லை. மாலை ஏழரைக்கு மிரே இருந்த இடத்தில் புது நாடகம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பெண் மாடிப்படியில் உருண்டு விழும் நல்ல கட்டம். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. குரல் பதிவு இல்லை, அழைப்பே வந்தது. நல்லம்மா தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, ஓடுகிற நாடகத்தின் சத்தத்தை நிறுத்தினாள்.

"என்ன நாடகம்மா போகுது?" என்றாள் சர்மிளா. குரல் கரகரத்திருந்தது.

"அது கெடக்குது சனியன். நீ சொல்லு."

சர்மிளா சொன்னாள். முதல் மாதம் பெருவிரலில் ஊசி ஏறியதைச் சொன்னாள். குளிருக்கு மூன்று பேர் ஒரே கம்பளியில் படுத்ததை, தேங்காய்ச் சம்பல் இல்லாமல் நாக்கு செத்துப் போனதை, பாத்ரூமில் நின்று அழுததை எல்லாம் சொன்னாள். நல்லம்மா கூரை ஒழுகுவதைச் சொன்னாள். சேவல் கங்காணியைக் கொத்திய கதையைச் சொன்னாள். அதற்கு மகள் சிரித்தாள். திரையில் புது நாடகம் சத்தமில்லாமல் ஓடி முடிந்தது. அதில் என்ன நடந்ததென்று அடுத்த நாள் நிரையில் நல்லம்மாவால் சொல்ல முடியவில்லை.

"காலையில வேலைம்மா. வைக்கட்டா?"

"இரு" என்றாள் நல்லம்மா. "அன்னைக்கி சொல்லாம விட்டுட்டேன்டி. போயிட்டு வா, சாமி. நல்லபடியா போயிட்டு வா."

"போயிட்டு வர்றேம்மா" என்றாள் மகள்.